அறுபத்திரண்டில் நின்ற கணினி

முதல் தடவை அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றபோது ரம்லத் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாகக் கட்டிய கம்ப்யூட்டரில் முதல் தடவையே ஓ.எஸ். என்ற இயங்குதளம் ஏறிவிட்டால்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

காந்திபுரம் ஏழாவது வீதியில், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் அவளுடைய கடை. பதினான்கு வருஷமாக உக்கடத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்குகிறாள். பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் கட்டித் தருவது, கெட்டுப்போனதைச் சரிசெய்வது, இரண்டுதான் வேலை. பெண் பிள்ளைக்கு ஸ்க்ரூடிரைவர் எதற்கு என்று கேட்டவர்களெல்லாம் இப்போது தங்கள் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருகிறார்கள்.

இந்தக் கம்ப்யூட்டர் பத்மஜாவுடையது. பத்மஜா கோர்ட் மொழிபெயர்ப்பாளர். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் மலையாளப் பத்திரங்களையும் வாக்குமூலங்களையும் கோயம்புத்தூர் கோர்ட்டுகளுக்காகத் தமிழாக்கித் தருபவர். வயது நாற்பத்தேழு. மெலிந்த உடம்பு, அளந்து பேசும் வாய். படியேறி வந்ததும் பேச்சைத் தொடங்குமுன் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பு சரியில்லாமல் இரண்டரை வருஷமாக வேலைக்குப் போகவில்லை என்று மட்டும் சொன்னார்.

"முப்பதாம் தேதிக்குள்ள என் பேர்ல ஒரு மெஷின் பதிவாகணும், ரம்லத். இல்லேன்னா மொழிபெயர்ப்பாளர் பட்டியல்ல இருந்து என்னை எடுத்துடுவாங்க."

"வீட்ல வேற மெஷின் இல்லையா மேடம்?"

"வீட்டுக்காரரோடது இருக்கு. அதுல அடிச்சா அவர் எழுதினதா ஆயிடும். அவருக்கு மலையாளத்துல 'சுகமா' தவிர ஒரு வார்த்தை தெரியாது."

உயிர்முத்திரைச் சட்டம் வந்து அது நாலாவது வருஷம். யார் வேண்டுமானாலும் யாருடைய குரலிலும் பேசலாம், யாருடைய முகத்தோடும் திரையில் வந்து நிற்கலாம் என்று ஆகிப்போய், கோர்ட்டில் சாட்சிக்கும் பேங்கில் கையெழுத்துக்கும் மதிப்பில்லாமல் போனபோது கொண்டுவந்த சட்டம். ஒரு கம்ப்யூட்டர் வெளியுலகத்தோடு பேச வேண்டுமானால், அது சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் பொறுப்பாக இருக்க வேண்டும். ஓ.எஸ். ஏறும்போதே அந்த மனிதரின் நாடித் துடிப்பை வாங்கி, பதிவகத்தில் சரிபார்த்து, மெஷினோடு சேர்த்துப் பூட்டிவிடும். அதற்குப் பிறகு அதிலிருந்து போகிற கடிதம், பேச்சு, படம் எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி இருக்கும். புள்ளி இல்லாததை யாரும் நம்புவதில்லை. சொந்த அண்ணன் போனில் அழைத்தாலும் முதலில் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள்.

பத்மஜாவின் நாடியை ரம்லத் முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாவி. அதன்மேல் ஒரு நிமிஷம் விரலை வைத்திருந்தால் துடிப்பு அதில் பதிந்துவிடும். ஏழு நாள்வரை செல்லும். எட்டாவது நாள் தானாகவே அழிந்துவிடும். வாடிக்கையாளர் கடையில் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக வந்த வசதி.

திங்கட்கிழமை காலை முதல் முயற்சி. அறுபத்திரண்டில் நின்றது. திரையில் ஒரே வரி: 'பிழை. சாதனம் பதிலளிக்கவில்லை.'

எந்தச் சாதனம் என்று சொல்லாது. எந்தக் கோளாறுக்கும் பொருந்தட்டும் என்று எழுதி வைத்த வரி அது. ரம்லத் பென் டிரைவை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அறுபத்திரண்டு. நினைவகப் பட்டைகளான இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். பிறகு அதைப் போட்டு மற்றதைக் கழற்றினாள். டிஸ்க்கை வேறு துளைக்கு மாற்றினாள். பயாஸைப் புதுப்பித்தாள். மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி, தன் சொந்த மெஷினில் இருந்ததை எடுத்து மாட்டினாள். ஒவ்வொரு தடவையும் முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஒழுங்காக ஏறி, அறுபத்திரண்டில் வந்து உட்கார்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மதர்போர்டையே மாற்றினாள். அதே கதை. பதினொரு மணிக்கு பத்மஜா போன் செய்தார்.

"ஆச்சா ரம்லத்?"

"ஒரு சின்னச் சிக்கல் மேடம். நாளைக்குச் சொல்றேன்."

"சின்னதுன்னா சந்தோஷம்," என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒன்பதாவது முயற்சியும் நின்றபிறகு ரம்லத் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தாள். கேபினெட்டும் மின்விசிறியும் தவிர எல்லாவற்றையும் கழற்றியோ மாற்றியோ பார்த்தாகிவிட்டது. மாற்றாதது இன்னும் ஒன்று உண்டு. மூலையில் கிடந்த பழைய டிஸ்க் ஒன்றை எடுத்து, ஓட்டை உடைசலாக ஒரு மெஷின் கட்டி, தன் விரலை வைத்து ஓ.எஸ். ஏற்றினாள். இருபது நிமிஷத்தில் நூறைத் தொட்டது. அதைத் துடைத்துவிட்டு, அதே டிஸ்க், அதே போர்டு, பத்மஜாவின் சாவி. அறுபத்திரண்டு.

மெஷினில் கோளாறே இல்லை.

புதன்கிழமை காலை பத்மஜாவை வரவழைத்தாள். சாவியில் பழுது இருக்கலாம் என்று புது சாவியில் நாடி எடுத்தாள். பதினோராவது முயற்சி. பத்மஜா பக்கத்தில் உட்கார்ந்து, எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றதும், "சாதனம் பதிலளிக்கவில்லை," என்று சத்தமாகப் படித்தார். "இதுல சாதனம்ங்கறது நானா?"

ரம்லத் விரிவான அறிக்கை கேட்டுப் பதிவகத்துக்கு எழுதினாள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் மூன்று முறை மட்டும் தருவார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் படித்தாள்.

'நாடி வடிவம் பொருந்தியது. பெயர்: குணசீலன், வயது 33, பல்லடம். நிலை: மறைவு. பதிவு மூடப்பட்டது. பயன்பாடு மறுக்கப்படுகிறது.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், உங்களுக்கு ஆபரேஷன் நடந்துச்சா?"

பத்மஜா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இதயம் மாத்தினாங்க. யார்கிட்டயும் சொல்றதில்லை. சொன்னவுடனே எல்லாரும் எழுந்து நாற்காலி போடறாங்க."

"பதிவகத்துக்குத் தெரியப்படுத்தினீங்களா?"

"ஆஸ்பத்திரியில ஒரு கடிதம் கொடுத்தாங்க. அனுப்பினோம். வந்து சேர்ந்துச்சுன்னு பதில் வந்தது. அதோட சரி." மொழிபெயர்ப்பாளர் அல்லவா, வரிகளுக்கு நடுவில் படித்துப் பழகியவர். "நாடி வடிவம் ஆளைப் பொறுத்ததில்லையா?"

"இதயத்தைப் பொறுத்தது மேடம். அதோட அறை, வால்வு, அது சுருங்கற விதம். கைரேகையை நகல் எடுத்துட்டாங்க, குரலை எடுத்துட்டாங்க. இதயத்தை யாராலயும் நகல் எடுக்க முடியாதுன்னுதான் இதைக் கொண்டுவந்தாங்க."

"நகல் எடுக்கலையே. எடுத்து வச்சாங்க."

"ஆமா."

"அப்போ அந்தப் பதிவகத்துக்கு நான் யாரு?"

"இறந்துபோன ஒருத்தரு," என்றாள் ரம்லத். "அதனாலதான் காரணம் சொல்லாம நிறுத்துது. செத்தவங்க பேர்ல யாரோ மெஷின் கிளப்பப் பாக்கறாங்கன்னு நினைச்சுக்குது. பூட்டு ஏன் தொறக்கலைன்னு திருடன்கிட்டச் சொல்ல மாட்டாங்க இல்லையா."

பத்மஜா ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். "அந்த அறிக்கையில பேர் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு ஆஸ்பத்திரியில சொன்னது வயசு மட்டுந்தான். முப்பத்து மூணு. அதுக்கு மேல சொல்லக் கூடாதுன்னு சட்டம்." டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். "நீங்களும் சொல்லாதீங்க. கேட்டாலும் சொல்லாதீங்க."

வியாழக்கிழமை பூராவும் ரம்லத் போனில் கழித்தாள். பதிவகத்தின் உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். மூடிய பதிவைத் திறப்பதற்கு வழி ஒன்றுதான்: இறந்தவர் நியமித்த வாரிசு, அந்த நாடி வடிவத்தை விடுவிப்பதாக எழுதித் தர வேண்டும். "அவங்களை நாங்க தொடர்புகொள்ள மாட்டோம் மேடம். நீங்களும் தொடர்புகொள்ளக் கூடாது. ஆனா அவங்களா வந்தா வாங்கிக்கலாம்." அவர்கள் எப்படித் தாமாக வருவார்கள் என்று ரம்லத் கேட்டதற்கு, அந்தப் பெண் அதே விதியைத் திரும்பவும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, முப்பது முப்பத்தொரு வயசுப் பெண் ஒருத்தி படியேறி வந்தாள். தோளில் துணிப்பை, காலில் தூசி. கடையைச் சுற்றிப் பார்த்தாள். மேஜைமேல் வாய் திறந்து கிடந்த கம்ப்யூட்டரில் அவள் கண் நின்றது.

"ரம்லத்துங்கறது நீங்களாங்க?"

"ஆமா. உக்காருங்க."

"பல்லடத்துல இருந்து வர்றனுங்க. பேரு கோகிலவாணி. லாரி எடை போடற எடைமேடையில வேலை பாக்கறேன்." உட்காராமல் போனை எடுத்து நீட்டினாள். "இதெல்லாம் இங்கிருந்துதான் வந்திருக்குது."

ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொரு செய்திகள். எல்லாம் ஒரே வாசகம். 'மறைந்த குணசீலன் அவர்களின் நாடியைக் கொண்டு கணினியை இயக்க முயற்சி நடந்துள்ளது. முயற்சி தடுக்கப்பட்டது.' கீழே நாள், நேரம், ரம்லத்தின் பெயர், கடையின் லைசென்ஸ் எண், முகவரி.

ரம்லத் நாளையும் நேரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொரு ராமைக் கழற்றும்போதும், ஒவ்வொரு கேபிளை மாற்றும்போதும், பல்லடத்தில் ஒரு போன் அடித்திருக்கிறது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உதவி எண்ணில் பேசிய பெண்ணும்கூட.

"மன்னிச்சிருங்க. உங்களுக்கு இப்படிப் போகும்னு எனக்குத் தெரியாது."

"ஏமாத்துக்காரங்கன்னுதானுங்க முதல்ல நினைச்சேன்," என்றபடி கோகிலவாணி உட்கார்ந்தாள். "போலீசுக்குப் போலாம்னு எங்கண்ணன் சொன்னாரு. நாலாவது மெசேஜ் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். அப்பறம் எங்க எடைமேடை ஓனரோட பையன் ஒண்ணு சொன்னாப்ல. நாடி எடுத்தா ஏழு நாளைக்குத்தான் செல்லும், பழசை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. நெசந்தானுங்களா?"

"நிஜந்தான்."

"அப்ப இந்த வாரம் எடுத்தது."

"ஆமா."

"நான்தானுங்க கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில. இதயம், கல்லீரல், ரெண்டு கிட்னி, கண்ணு." விரல் மடக்காமல் சொன்னாள். "யாருக்குப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்க. அதுக்கப்பறம் அந்த மெசேஜ் வந்தா எனக்குக் கோபம் வரலைங்க. லாரி மேடையில நிக்கும், போனு அடிக்கும், எடுத்துப் பாப்பேன். ஓ, நல்லா இருக்காங்கன்னு நினைச்சுக்குவேன்."

ரம்லத் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"புதன்கிழமை காலையோட நின்னுபோச்சு. நேத்து முழுக்க ஒண்ணும் வரலை." போனைப் பையில் வைத்தாள். "அதானுங்க அக்கா கிளம்பி வந்தேன். அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சான்னு கேட்டுட்டுப் போலாம்னு."

"நல்லா இருக்காங்க," என்று அவசரமாகச் சொன்னாள் ரம்லத். "நான்தான் முயற்சியை நிறுத்தினேன். அவங்க நல்லா இருக்காங்க."

கோகிலவாணி தலையை ஆட்டினாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்விடுவாள் போலிருந்தது. ரம்லத்துக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம்; சட்டம் அதைத்தான் சொல்கிறது. அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு உள்ளறைக்குப் போய் பத்மஜாவுக்குப் போன் போட்டு, நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொன்னாள்.

"அவங்க என்னைப் பாக்கணும்னு சொன்னாங்களா?"

"இல்லை. நீங்க நல்லா இருக்கீங்களான்னு மட்டும் கேட்டாங்க."

"அரை மணி நேரத்துல வர்றேன்."

வந்தார். வழக்கம்போல வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோகிலவாணி எழுந்து நின்றாள். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேலைத் தலைப்புக்குள் கழுத்தடியில் தழும்பின் மேல்நுனி தெரிந்தது; கோகிலவாணி அதைப் பார்த்தாள், உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"படியேறியா வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. ரெண்டு எடத்துல நின்னேன்."

"அவரு நிக்காம ஏறுவாருங்க. கரண்டு எடுக்கற காத்தாலையில வேலை. எம்பது மீட்டர் டவரு."

"அது நிக்கச் சொல்றதில்லைம்மா," என்றார் பத்மஜா. "என் காலுதான் கேக்க மாட்டேங்குது."

கோகிலவாணியின் முகத்தில் ஏதோ இளகியது. மூவரும் உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டர் நடுவில் இருந்தது. ரம்லத் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள்: பதிவகம், மூடிய பதிவு, விடுவிப்புக் கடிதம், முப்பதாம் தேதி. அதாவது வருகிற திங்கள்.

"நான் எழுதிக் குடுத்தா இவங்களுக்கு வேலை கிடைச்சிருமா?" என்றாள் கோகிலவாணி.

"கிடைச்சிடும். ஆனா அதுல ஒண்ணு இருக்கு." இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ரம்லத்துக்குப் பிறகும் ஒருபோதும் தோன்றியதில்லை. "ஒரு நாடி வடிவம் ஒரு பேர்லதான் இருக்க முடியும். மேடம் பேருக்கு மாறிட்டா, உங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்போ அனுப்பின எதுலயும் அவரோட முத்திரை இருக்காது. பழசு அழியாது. ஆனா பச்சைப் புள்ளி போயிடும்."

கோகிலவாணி மறுபடி போனை எடுத்தாள். இந்த முறை யாரிடமும் காட்டவில்லை.

"தினமும் ரெண்டு மெசேஜ் போடுவாருங்க. ஏறினதும் ஒண்ணு, எறங்கினதும் ஒண்ணு. குரல்ல. 'ஏறிட்டேன் வாணி.' 'எறங்கிட்டேன் வாணி.' மேலே இருந்து போடறதுல காத்துச் சத்தந்தான் ஜாஸ்தி கேக்கும். டவர்ல இருந்து விழுந்துருவாருன்னே நான் பயந்துட்டு இருந்தேன். கடைசியில தரையில, பொங்கலூர்ப் பக்கத்துல, பைக்ல போறப்பத்தான்." நிறுத்தினாள். "பாப்பாவுக்கு நாலு வயசு. பெருசானா இதைப் போட்டுக் காட்டுவேன். நெசமா அப்பாதானான்னு கேப்பா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேக்கும். நான் ஆமான்னு சொன்னா பத்தாதுங்க."

"பத்தாது," என்றார் பத்மஜா.

"எனக்கே பத்தாதுங்க. புள்ளி போயிட்டா, ஒரு நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துரும்."

"அந்தக் கடிதத்தை எழுதாதீங்க." பத்மஜா இதைக் கெஞ்சலாகவோ தியாகமாகவோ சொல்லவில்லை; ஒரு வாக்கியத்தில் தவறான சொல்லை அடித்துவிடுவதுபோல் சொன்னார். "எனக்கு வேண்டாம். இந்த வேலை இல்லேன்னா நான் வேற பாத்துக்குவேன்."

ஆனால் அவருடைய விரல்கள் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்ததை ரம்லத் கவனித்தாள். இருபத்திரண்டு வருஷ வேலை. பிழைத்து எழுந்து வந்ததே அந்த நாற்காலிக்குத் திரும்பத்தான் என்று ஒரு தடவை போனில் சொல்லியிருக்கிறார்.

சிறிது நேரம் கழித்து பத்மஜா, சட்டத்தின் வாசகம் கடையில் இருக்கிறதா என்று கேட்டார். ரம்லத் தன் திரையில் எடுத்துக் கொடுத்தாள். எழுபது பக்கம். பத்மஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசையாமல் படிக்கத் தொடங்கினார். ரம்லத் கீழே போய் மூன்று பேருக்கும் எலுமிச்சைச் சாதம் வாங்கி வந்தாள். கோகிலவாணி பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பத்மஜா தொடவில்லை. ஐம்பத்தெட்டாவது பக்கத்தில் நிமிர்ந்தார்.

"இதைக் கேளுங்க. 'நாடி இல்லாதோர் அல்லது நாடியைப் பதிவகம் ஏற்க இயலாதோர், உயிருடன் உள்ள ஒருவரைப் பொறுப்பாளராகக் கொண்டு கணினியை நிறுவலாம்.'"

"அது இதயத்துக்குப் பதிலா பம்ப் வச்சிருக்கறவங்களுக்குன்னு வந்தது மேடம்," என்றாள் ரம்லத். "மெஷின் பம்ப் வச்சா துடிப்பே இருக்காதுல்ல."

"எழுதினவங்க அவங்களை நினைச்சு எழுதியிருக்கலாம். எழுதியிருக்கறது 'ஏற்க இயலாதோர்'. அதுல நானும் வர்றேன்." அடுத்த வரிக்குப் போனார். "பொறுப்பாளரும் தன் நாடியைக் கொடுக்கணும். அந்தக் கணினி சொல்றது பொய்னு நிரூபணமானா அவருக்கும் தண்டனை உண்டு. ஒருத்தர் வாழ்நாள்ல ஒரே ஒருத்தருக்குத்தான் பொறுப்பாளரா இருக்கலாம். ரத்த உறவோ மண உறவோ கூடாது. அதனால என் வீட்டுக்காரர் முடியாது."

அடுத்துப் பேச வேண்டியது தான்தான் என்று ரம்லத்துக்குத் தெரிந்தது. இரண்டு கடை தள்ளி இருந்த ஒருவர், வாடிக்கையாளர் ஒருவருக்குப் பொறுப்பாளராகி, அவருடைய பொய்யில் மாட்டி லைசென்ஸைப் பறிகொடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்று சொல்லலாமா என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே கோகிலவாணி எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை மடித்துவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நான் இருக்கறனுங்க. அவரு குரலை என்னால தர முடியாது. என் விரலைத் தர்றேன்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா," என்றார் பத்மஜா. "நான் தப்பா எழுதினா நீங்க மாட்டுவீங்க."

"எடைமேடையில ஒரு நாளைக்கு நாப்பது லாரிக்குக் கையெழுத்துப் போடறேன். ஒரு கிலோ தப்பா எழுதினாலும் என்னைத்தான் புடிப்பாங்க. எனக்குப் பழக்கந்தானுங்க."

ரம்லத் புது டிஸ்க்கை மாட்டி, மெஷினை மூடி, ஓ.எஸ்.ஸைத் தொடங்கினாள். முதலில் பத்மஜா விரல் வைத்தார். பிறகு கோகிலவாணி. இரண்டு துடிப்பும் திரையில் இரண்டு கோடுகளாக ஓடின; மேலே ஒன்று, கீழே ஒன்று. எண்கள் ஏறின. நாற்பது. ஐம்பது. அறுபத்திரண்டில் நின்றது. ஆனால் இந்த முறை திரை வெறும் பிழை என்று சொல்லவில்லை. விவரமாகவே பதில் சொன்னது.

'நிராகரிக்கப்பட்டது. காரணம்: பொறுப்பாளர் உறவினர். உறவு முறை: மனைவி.'

ரம்லத்துக்கு அது எப்படி நடந்தது என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. விரல் வைத்தது பத்மஜாதான்; ஆனால் பதிவகத்துக்கு அந்தத் துடிப்பு குணசீலன். குணசீலனின் துடிப்புக்குக் கீழே அவன் மனைவியின் துடிப்பு. சட்டப்படி கணவனுக்கு மனைவி பொறுப்பேற்க முடியாது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த பொத்தானை அழுத்தினால் அந்த வரி போய்விடும். ரம்லத் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கோகிலவாணி திரையின் அருகில் போய் நின்றாள்.

"ரெண்டு வருஷமாச்சுங்க," என்றாள். "ரேஷன் கார்டு, பாப்பா பள்ளிக்கூட ஃபாரம், பேங்கு, எல்லாத்துலயும் விதவைன்னுதான் போடணும். அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டே வெச்சிருக்கேன்." கொஞ்ச நேரம் படித்துக்கொண்டே நின்றாள். "இந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துத் தர முடியுங்களா அக்கா?"

புது மெஷினில் இன்னும் எதுவும் ஏறவில்லை. அதிலிருந்து பிரிண்ட் எடுக்க வழியில்லை. ரம்லத் திரையைப் போனில் படம் பிடித்து, தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, கடைப் பிரிண்டரில் ஓட்டினாள். மை குறைவாக இருந்ததால் முதல் பிரதி மங்கலாக வந்தது. அதைக் கசக்கிப் போட்டுவிட்டு, மைக் குப்பியை மாற்றி, இன்னொன்று எடுத்துத் தந்தாள். கோகிலவாணி அதை நாலாக மடிக்கவில்லை. பையிலிருந்த பாப்பாவின் படப் புத்தகத்துக்கு நடுவில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"மூணு மணி பஸ்ஸைப் புடிச்சா பாப்பாவைக் கூப்பிடப் போயிரலாம்," என்றாள். பத்மஜாவிடம் திரும்பி, "என்னால ஆகாமப் போச்சுங்க," என்றாள்.

"ஆகலைன்னு யாரு சொன்னது," என்றார் பத்மஜா.

வாசலில் கோகிலவாணி ஒரு நிமிஷம் நின்றாள். பத்மஜாவின் கையைப் பிடிக்கப் போகிறாள் என்று ரம்லத் நினைத்தாள். அவள் பிடிக்கவில்லை. "மாத்திரையெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் கீழே கண்ணாடிக் கடைவரை கேட்டது.

ரம்லத் மேஜைக்குத் திரும்பினாள். திரையில் இருந்த வரியை அழித்து, பொறுப்பாளர் பகுதிக்குப் போய், தன் லைசென்ஸ் எண்ணைத் தட்டினாள்.

"ரம்லத்," என்றார் பத்மஜா. "நான் உங்ககிட்டக் கேக்கலை."

"தெரியும் மேடம். அந்தப் பொண்ணு சொல்றதுக்கு முன்னாடியே நான் சொல்லியிருக்கணும்." சாவியின்மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டாள். "பிழையில்லாம எழுதுவீங்கல்ல?"

"ஒரு கமா தப்பினாலும் போன் பண்ணிச் சொல்றேன்."

எண்கள் ஏறத் தொடங்கின. ரம்லத் பார்க்கவில்லை. பத்மஜா சாப்பிடாமல் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, அவர் முன்னால் தள்ளிவைத்தாள்.